வெங்காயப் பையில் லில்லிக் கிழங்கு

சின்ன வெங்காயம் எண்ணெயில் வதங்கும் வாசனை தேர்வறைக்குள் வந்தபோது பாண்டீஸ்வரிக்கு முதலில் பசிதான் எடுத்தது. பயம் அப்புறம்தான் வந்தது. சத்துணவுக் கூடம் அந்த வகுப்பறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் வரலாற்றுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். கண்காணிப்பாளர் உட்காரக் கூடாது, படிக்கக் கூடாது, பக்கத்து அறை டீச்சரோடு பேசக் கூடாது. நடக்கலாம், நினைக்கலாம். செடிகளைப் பற்றி நினைப்பதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது என்று ஒவ்வொரு மார்ச் மாதமும் அவள் சந்தோஷப்படுவாள், தாவரவியல் டீச்சருக்கு வரலாற்றுத் தேர்வில் வேறு என்ன வேலை. இன்றைக்கும் அப்படித்தான், பால்கனியில் இருக்கும் மழை லில்லியை நினைத்துக்கொண்டு மூன்றாவது வரிசைக்குள் நடந்துகொண்டிருந்தாள். மூன்று வாரம் தண்ணீர் காட்டாமல் காயப்போட்டு, திடீரென்று ஒருநாள் தொட்டி நிறைய ஊற்றினால், மழை வந்துவிட்டது என்று ஏமாந்து மொட்டு விட்டுவிடும் அது. காலையில் செருப்பில் ஒரு காலை நுழைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள், ரோஸ் நிறத்தில் நுனி தெரிந்தது. அப்போதுதான் பின்னால் மதினியின், அவள் புருஷன் தவமணியுடைய அக்காவின், குரல் கேட்டது. என்னவோ கேட்டாள். சரி மதினி என்று இவள் சொன்னாள். என்ன கேட்டாள்? வெங்காயம் என்று வந்தது அந்தப் பேச்சில். பிரிட்ஜில் கீழே வலைப்பையில் கிடக்கிற வெங்காயத்தை எடுத்து வத்தக்குழம்பு வைத்துவிடவா என்று கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடி வந்தாயிற்று. ஆனால் வீட்டில் வெங்காயம் ஏது? தீர்ந்துபோய் இரண்டு நாளாகிறது. ராத்திரி வரும்போது வாங்கி வாருங்கள் என்று தவமணியிடம் சொன்னதே இவள்தான். அப்படியானால் அந்த வலைப்பையில் இருப்பது என்ன? பாண்டீஸ்வரி பக்கத்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அந்த பெஞ்சில் எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து விடைத்தாளைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

அமரில்லிஸ். போன ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கவிழ்த்து, தாய்க்கிழங்கைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்த குட்டிகளைப் பிரித்து, கழுவி, நிழலில் உலர்த்தி எடுத்துவைத்தது. மதுரை வெயிலில் அது இலை விட்டுக்கொண்டே போகும், பூக்காது. குளிரில் கொஞ்ச நாள் உறங்க வைத்து எடுத்து நட்டால்தான் தடித்த தண்டு ஒன்றை நீட்டி, அதன் உச்சியில் நாலு திசைக்கும் நாலு பூவை விரிக்கும். சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட பூ, உள்ளங்கை கொள்ளாது. போன வருஷம் அது பூத்திருந்த ஐந்து நாளும் அவள் பள்ளிக்கூடம் விட்டதும் காய்கறிக் கடைக்குக்கூடப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தாள். கிழங்குக்குக் காற்று வேண்டுமே, பாலித்தீனில் போட்டால் அழுகிவிடுமே என்று யோசித்தபோது கையில் கிடைத்தது சின்ன வெங்காயம் வந்த சிவப்பு வலைப்பை. எவ்வளவு புத்திசாலித்தனம்! பழுப்புத் தோல், உருண்டை, கூரான மூக்கு, அடியில் மீசை மாதிரி வேர். அதை வெங்காயப் பையில் போட்டு, காய்கறி வைக்கிற தட்டில் வைத்தால் அதை வெங்காயம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள்? வகுப்பில் வருஷா வருஷம் நடத்துகிற பாடம்தான். லில்லியேசி குடும்பம், உதாரணம் வெங்காயம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, இதில் பாதி லில்லி லில்லியே இல்லை பிள்ளைகளா, அமரில்லிஸைத் தனிக்குடும்பம் என்று பிரித்துவிட்டார்கள், அல்லி அந்தப் பக்கமே கிடையாது என்று சிரித்துச் சிரித்துச் சொல்லுவாள். வெங்காயத்தைத் தின்னலாம், அமரில்லிஸைத் தின்றால் குடலே வெளியில் வருகிற மாதிரி வாந்தி வரும். அதையும் சொல்லுவாள். சமைத்தால் போகுமா? போகாது. வாந்தி, வயிற்றோட்டம், உடம்பு நடுக்கம். திடமான ஆளென்றால் ஒருநாள் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்துகொள்ளலாம். மதினி திடமான ஆளா? அறுபதைத் தாண்டியாயிற்று, சர்க்கரை இருக்கிறது, கண் ஆபரேஷனுக்கென்று வந்தவள். தவமணி மத்தியானம் கேரியரில் கொண்டுபோன தயிர்சாதத்தைத்தான் சாப்பிடுவான், அவனுக்கு ஒன்றும் ஆகாது. மதினி ஒருத்திதான். மதினி மட்டும்தான் என்று நினைத்ததும் அதில் ஒரு நிம்மதி இருந்த மாதிரிப் பட்டது. அந்த நிம்மதியைக் கண்டு அவளுக்குப் பகீரென்றது.

போகட்டும், குட்டிக் கிழங்கு, நாலைந்து உரித்துப் போட்டால் வாந்தியோடு போகும் என்று மனசைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே கரும்பலகை வரைக்கும் போய்த் திரும்பினாள். திரும்பும்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. கண்வலிக்கிழங்கு. ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர், பழைய மாணவியின் அப்பா, டீச்சருக்குச் செடி என்றால் உயிர் என்று கேள்விப்பட்டுக் கொண்டுவந்து கொடுத்த கிழங்கு. கவட்டை மாதிரி இரண்டு கையை விரித்துக்கொண்டு இருக்கும். அதை எங்கே வைத்தாள்? மொட்டை மாடியில் மணல் தொட்டிக்குள் புதைத்தாள். புதைத்தாளா, புதைக்க வேண்டும் என்று நினைத்தாளா? ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் சேர்த்துத்தான் கழுவினாள், சிங்க்கில், ஒரே வடிகூடையில். அமரில்லிஸ் குட்டிகளை எடுத்துப் பையில் போட்டது கண்ணுக்குத் தெரிகிறது. பையின் வாயை முடிந்தது தெரிகிறது. நடுவில் கேஸ்காரன் வந்தான். கதவைத் திறந்தாள். திரும்பி வந்தபோது வடிகூடை காலியாக இருந்தது. காலியாக இருந்ததா? கண்வலிக்கிழங்கு அப்போது எங்கே இருந்தது? மணலில் இருந்ததென்றால் கையில் மணல் ஒட்டியிருக்க வேண்டும், மாடிப்படி ஏறியிருக்க வேண்டும். படி ஏறியது ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது துணி எடுக்கப் போனதாகவும் இருக்கலாம். படியை நினைத்தால் துணி வருகிறது, துணியை நினைத்தால் மழை மேகம் வருகிறது, மேகத்தை நினைத்தால் வடிகூடை மறுபடி காலியாக வந்து நிற்கிறது. அந்தக் கிழங்கு அமரில்லிஸ் மாதிரி இல்லை. அது வாந்தியோடு விடாது. தின்றவரைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டுவைத்துவிட்டு அப்புறம் ஒவ்வொரு உறுப்பாகப் பிடிக்கும், ஆஸ்பத்திரியில் கையை விரிப்பார்கள். அவ்வளவு விஷமுள்ள செடியில் அப்படி ஒரு பூ. தலைகீழாகத் தொங்கும் பச்சை மொட்டு, விரிய விரிய இதழெல்லாம் மேலே திரும்பிக்கொண்டு, பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகி, கடைசியில் முழுசாகப் பற்றி எரியும். இலை நுனியே சுருண்டு கொம்பைப் பிடித்துக்கொண்டு ஏறும். செங்காந்தள் என்று பெயர் சொல்லும்போதே வாய் இனிக்கும். அந்தப் பூவை ஒருதடவையாவது தன் மாடியில் பார்த்துவிட வேண்டும் என்றுதானே வாங்கி வைத்தாள்? அதற்காகத்தானே?

அதற்காகத்தான் என்று யார் நம்புவார்கள்? போன வாரம் ஆசிரியர் அறையில் எஸ்தர் டீச்சரிடம் அவள் என்ன சொன்னாள்? மதினி வந்து மூன்று மாதமாகிறது, கண்ணு நல்லாத் தெரியுது, ஊருக்குப் போகிற பேச்சைக் காணோம் என்று ஆரம்பித்து, "எங்கிட்டதான் கண்வலிக்கிழங்கு இருக்குல்ல, ஒரு துண்டு போதும் எஸ்தரு" என்று சொல்லிச் சிரித்தாள். எஸ்தரும் சிரித்தாள். விளையாட்டுக்குத்தான். விளையாட்டு வினையாகும் என்று சும்மாவா சொன்னார்கள். எஸ்தர் இப்போது பக்கத்து அறையில்தான் நடந்துகொண்டிருக்கிறாள், யாராவது வந்து விசாரித்தால் பொய் சொல்ல மாட்டாள், சர்ச்சுக்குப் போகிறவள். அதற்கு முந்தின வாரம் நடந்த சண்டையைத் தெருவே கேட்டது. மதினி சோற்றுக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோய் வெள்ளை லில்லித் தொட்டியில் ஊற்றிவிட்டாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, கஞ்சி ஊற்றினால் செடி கொழுக்கும் என்பது அவள் கணக்கு. கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்த செடி, ஒரே ஒரு தடவை பூத்தது, விடிகாலையில் வாய் திறந்து வீடு முழுக்க மணந்தது, வெந்து போயிற்று. பாண்டீஸ்வரி போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "நீங்க வந்ததுல இருந்து இந்த வீட்டுல ஒண்ணும் உருப்படல!" என்று கத்தினாள். ராக்கம்மாள் மதினி காலி ஏனத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தலையில வைக்கவும் ஆகாது, சாமிக்குப் போடவும் ஆகாது, அந்தப் பூவுக்கா இம்புட்டு ஆத்திரம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அது நிஜம்தான், லில்லியை யாரும் தலையில் வைப்பதில்லை, மாலையில் கட்டுவதில்லை. ஒன்றுக்கும் ஆகாத பூ என்பதால்தான் அதை அவளுக்குப் பிடித்தது. வீட்டில் மற்ற எல்லாமே எதற்காவது ஆகிற சாமான், அவளையும் சேர்த்து. இதையெல்லாம் போலீஸ்காரரிடம் சொல்ல முடியுமா? அவர் கேட்பது ஒன்றாகத்தான் இருக்கும். தாவரவியல் டீச்சர்தானேம்மா நீங்க, எது விஷம்னு உங்களுக்குத் தெரியாதா?

"மிஸ், அடிஷனல் ஷீட்." கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. எடுத்துக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டபோது கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று. போன் வேண்டும். போன், காலையிலேயே வாங்கி முதன்மைக் கண்காணிப்பாளர் ரஹீம் சார் அறையில் பீரோவுக்குள் பூட்டியாயிற்று. கேட்கலாம். வராந்தாவில் பதிலாள் ஒருவர் இருக்கிறார், டிரில் மாஸ்டர், அவரை அறையில் நிறுத்திவிட்டுப் போய்க் கேட்கலாம். கேட்டால், என்ன விஷயம் டீச்சர் என்பார் ரஹீம் சார். என்ன சொல்வது? எங்கள் மதினி விஷக்கிழங்கைக் குழம்பு வைக்கிறாள் என்றா? எடுக்கச் சொன்னது யார் என்பார். நான்தான் என்றா? தலைவலி என்று சொல்லிப் பார்க்கலாம், தலைவலிக்குப் போன் எதற்கு? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம், அம்மா செத்துப் பத்து வருஷமாகிறது, செத்தவளை ஆஸ்பத்திரியில் சேர்க்கவா? யோசித்துக்கொண்டிருக்கும்போதே பறக்கும் படை வந்துவிட்டது, மூன்று பேர், கழுத்தில் அட்டையோடு. பிள்ளைகள் ஒருவரும் பயப்படவில்லை. நடுங்கியது பாண்டீஸ்வரி ஒருத்திதான். அதில் வயசான அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்து, "என்னங்க மேடம், உங்களுக்கு இப்பிடி வேர்க்குது?" என்றாள். காற்று வரவில்லை என்றாள் இவள். மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளிடமே சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது, அதற்குள் அவர்கள் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். மானம் போய்விடுமே என்று ஒரு உயிரை விடுவதா? உயிர் போனால் மானமும் சேர்ந்துதானே போகும்? கணக்குப் போட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம்தான். ஆனாலும் கால் வாசலுக்குப் போகாமல் வரிசைக்குள்ளேயே சுற்றியது.

மதினி மத்தியானம்வரை பசி தாங்க மாட்டாள். மாத்திரை போட்டால் உடனே வயிற்றுக்கு ஏதாவது போட வேண்டும், இல்லாவிட்டால் கை நடுங்க ஆரம்பித்துவிடும். இந்நேரம் உரித்துக்கொண்டிருப்பாள். அடுப்படித் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, அரிவாள்மனையை ஒரு காலால் மிதித்துக்கொண்டு. இல்லை, இந்நேரம் வதக்கியிருப்பாள். இல்லை, புளி கரைத்து ஊற்றிக் கொதித்துக்கொண்டிருக்கும். இல்லை, தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், தனியாக, டிவியைக்கூடப் போடாமல், தம்பி வீட்டுக் கரண்ட் செலவாகுமே என்று. முதல் கவளம். கசக்குமே, துப்பிவிடுவாளா? வத்தக்குழம்பில் எந்தக் கசப்பு தெரியப்போகிறது, சுண்டைக்காயின் கசப்பு என்று நினைத்துக்கொள்வாள். தம்பி பொண்டாட்டி வீட்டுச் சாமான், குறை சொல்லக் கூடாது என்று முழுங்கியும் வைப்பாள். அந்தச் சரி என்ற சொல்லைப் பாண்டீஸ்வரி திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். சரி மதினி. அது அவசரத்தில் வந்த சரியா? வலைப்பை என்று காதில் விழுந்ததே, விழுந்த பிறகுமா சரி என்றாள்? விழுந்தபோது மனசின் ஏதோ ஒரு மூலையில் அமரில்லிஸ் என்று ஒரு சொல் எழுந்து, அதை அவளே அமுக்கிவிட்டுச் சரி என்று சொன்னாளோ? அப்படி இல்லை. அப்படி இல்லை என்று எப்படித் தெரியும்? அவளுக்கு உள்ளே இருப்பது அவளுக்கே தெரியவில்லை, இதில் போலீஸையும் எஸ்தரையும் நினைத்து நடுங்கி என்ன பிரயோசனம். தான் இப்போது இந்த வரிசைக்குள் நடந்துகொண்டிருக்கிற ஒவ்வொரு நடையும் இன்னொரு சரிதான் என்பது அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. காலையில் சொன்னது தெரியாமல் சொன்னதாகவே இருக்கட்டும், இப்போது சொல்லிக்கொண்டிருப்பது தெரிந்தேதானே? அவள் வாசலுக்குப் போனாள். டிரில் மாஸ்டரைக் கூப்பிட்டு, "சார், கொஞ்சம் உள்ள நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வராந்தாவில் ஓடினாள். நாற்பத்தாறு வயசில் பள்ளிக்கூட வராந்தாவில் ஓடுகிற டீச்சரை எல்லா ஜன்னலும் பார்த்தன, எஸ்தரும் பார்த்தாள்.

"எங்க மதினி என் லில்லிக் கிழங்க வெங்காயம்னு நெனச்சுச் சமைக்கிறாங்க சார். அது விஷம். நான்தான் எடுத்துக்கச் சொல்லிட்டேன்" என்று அவள் மூச்சிரைக்கச் சொன்னபோது, ரஹீம் சார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தார். அந்த நல்ல மனுஷனிடமா இவ்வளவு நேரம் பயந்தோம் என்று இருந்தது. மதினியின் நம்பரைப் போட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அடித்தது. கண்ணை மூடினால் அடுப்படித் தரையில் மதினி சுருண்டு கிடக்கிறாள், பக்கத்தில் பட்டன் போன் அடிக்கிறது, எட்டவில்லை, கையை நீட்டுகிறாள். மூன்றாவது தடவை எடுத்தாள்.

"என்னத்தா, வேல நேரத்துல? மாடியில வடகம் காயுதுன்னு பாக்கப் போயிருந்தேன்."

"மதினி, சாப்டீங்களா? கொழம்பு சாப்டீங்களா? சாப்பிடாதீங்க மதினி!" அறையில் இருந்த குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இன்னும் சாப்புடல. ஏன் இப்பிடிக் கத்துற? அந்த வெங்காயத்தையா சொல்ற? அது வெங்காயமே இல்ல, ஈசுவரி. ரெண்ட நறுக்குனேன், கண்ணு எரியவே இல்ல. ஆபரேசன் பண்ணுன கண்ணு, அதனால எரியலையோன்னு பாத்தா மத்தக் கண்ணும் எரியல. வாசமும் இல்ல, வழவழன்னு கையெல்லாம் அரிப்பு வேற. ஒஞ் சாமான்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. பையோட தூக்கி வச்சுட்டுத் தெருவுல வந்தவன்ட்ட வேற வெங்காயம் வாங்கித்தேன் கொழம்பு வச்சேன்."

"பையில கவட்ட மாதிரி ஒரு கிழங்கு இருந்துச்சா மதினி?"

"அப்பிடி ஒண்ணும் இல்ல. எல்லாம் உருண்ட உருண்டையாத்தேன் கெடக்கு."

பாண்டீஸ்வரி கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ரஹீம் சார் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, வெளியே போவதா உள்ளே இருப்பதா என்று தெரியாமல் கேள்வித்தாள் கட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிக்கத் தோன்றியது.

"ஏத்தா, அது விஷமா?"

"ஆமா மதினி."

"நான் கேக்கையில ஒனக்குத் தெரியும்ல? தெரிஞ்சா சரின்ன?"

இவ்வளவு நேரம் அவள் தன்னைத்தானே கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன கேள்வி. தேர்வறையில் ஆயிரம் பதில் யோசித்திருந்தாள், அதில் ஒன்றும் இப்போது உதவவில்லை. வேறொரு பதில் வாயில் வந்தது. அதைச் சொல்லி முடிக்கும்போதுதான் அது எவ்வளவு நிஜம் என்று அவளுக்கே தெரிந்தது.

"இல்ல மதினி, சத்தியமா இல்ல. நான் காதுலயே வாங்கல. மொட்டப் பாத்துட்டு இருந்தேன். நீங்க என்ன பேசுனாலும் நான் காதுல வாங்குறதே இல்ல மதினி. எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்லிட்டுப் போயிருவேன்."

அவள் அழுதுகொண்டிருந்தாள். குமாஸ்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அது எனக்கு வந்த மறுநாளே தெரியும்த்தா" என்றாள் ராக்கம்மாள். குரலில் கோபம் இல்லை, ரேஷன் கடையில் இன்றைக்குச் சீனி இல்லை என்று சொல்வது போலத்தான் சொன்னாள். "சரி, அழுகாத, பள்ளிக்கூடத்துல நாலு பேரு பாப்பாக. அந்த நறுக்குன ரெண்டு கிழங்கு இருக்கே, அதக் குப்பையில போடவா, தொட்டியில ஊனி வைக்கவா? இப்பவாச்சும் காதுல வாங்கிட்டுச் சொல்லு."